அவன் நாறுறான், நாம மணக்குறோமா?

கும்மிடிப்பூண்டி - சென்ட்ரல் லோக்கல்ல தினம் போற மக்களுக்கு இந்த டயலாக் புதுசு இல்ல. சாயங்கால வண்டியில சிப்காட் வேலை முடிஞ்ச நாலு வடக்கத்திப் பசங்க ஏறுவாங்க. உடனே ஜன்னலோரத்துல ஒருத்தர் கர்ச்சீப்பை எடுத்து மூக்கைப் பொத்திக்கிட்டு, "குளிக்கவே மாட்டானுங்களா இவனுங்க"ன்னு சத்தமா சொல்லுவார். அவனுக்குத் தமிழ் புரியாதுங்கற தைரியம். (நல்லாவே புரியும் சார். மூணு நாலு வருஷமா இங்கதான் இருக்கான்.)

இதுல கடுப்பு என்னன்னா, சொல்றவரும் காலையில இருந்து ஷிப்ட் பார்த்துட்டு வர்றவர்தான். அவர் சட்டையும் முதுகோட ஒட்டித்தான் கிடக்கு. அவர் நாத்தம் அவருக்குத் தெரியல, அவ்ளோதான்.

ஏன் தெரியல? நான் பி.காம். படிக்கிறவன், பெருசா அறிவியல் பேச வரல. ஆனா விஷயம் சிம்பிள். நம்ம மூக்குக்குள்ள சுமார் 400 வகை வாசனை ஏற்பிகள் இருக்கு. (இதுக்கான ஜீன்களை லிண்டா பக், ரிச்சர்ட் ஆக்ஸல் ரெண்டு பேரும் 1991-ல கண்டுபிடிச்சு, 2004-ல நோபல் வாங்கினாங்க.) ஒரே வாசனை விடாம வந்துட்டே இருந்தா கொஞ்ச நேரத்துலயே ஏற்பியும் மந்தமாகிடும், மூளையும் கண்டுக்காம விட்டுடும். புதுசா ஏதாவது வந்தாதான் மணி அடிக்கும். எங்க பாஷையில சொன்னா, மூக்கு ஓப்பனிங் பேலன்ஸை எழுதவே எழுதாது, இன்னிக்கு வந்த என்ட்ரியை மட்டும்தான் எழுதும். இந்தக் கணக்கை வச்சு எவனாவது பேலன்ஸ் ஷீட் போடுவானா? நாம போடறோம், ஒரு மாநிலத்துக்கே சேர்த்து!

உடம்பு நாத்தம் மட்டும் இல்ல. இதே வண்டி எண்ணூர் தாண்டித்தான் போகுது. 2023 டிசம்பர் 26 ராத்திரி அங்க உர ஆலையோட கடலடிக் குழாய்ல அமோனியா கசிஞ்சு, பெரியகுப்பம் ஜனங்க கண் எரிச்சலோட, மூச்சுத் திணறி ரோட்டுக்கு ஓடி வந்தாங்க. அன்னிக்கு எல்லார் மூக்கும் முழிச்சுது. மத்த நாள்ல அந்தப் பக்கத்துக் காத்துக்காக எந்த கர்ச்சீப்பும் வெளிய வந்து நான் பார்த்ததில்ல. பழகிடுச்சாம்.

இன்னொரு வேடிக்கை. வேர்வைக்குன்னு தனியா பெரிய வாசனை கிடையாது. அக்குள்ல இருக்கற பாக்டீரியா அதை உடைக்கிறப்போதான் நாறும். அதோட சாப்பாடும் சேரும். அவன் கடுகெண்ணெய்ல தாளிக்கிறான், நமக்குத் தூக்கலா தெரியுது. நாம பூண்டும் வெங்காயமும் பெருங்காயமுமா தின்னுட்டு என்ன வாடையில நிக்கறோம்னு அவன்கிட்டதான் கேக்கணும். அவ்ளோ தூரம் ஏன், ஸ்ரீபெரும்புதூர் பக்கம் வேலை பார்க்கிற கொரியாக்காரங்ககிட்ட கேளுங்க. கிழக்காசியாவுல பெரும்பாலானவங்களுக்கு ஒரு ஜீன் மாற்றத்தால அக்குள் நாத்தமே ரொம்பக் கம்மி. அவங்க மூக்குக்கு நீங்க, நான், பீகார்க்காரன் எல்லாரும் ஒரே கம்பார்ட்மென்ட்தான் :-)

"அதெல்லாம் சரி, நிஜமாவே அவனுங்க மேல நாறுதே"ம்பாங்க. நாறும். இரும்பை உருக்கி ரோலிங் மில்லுல கம்பி இழுக்கறவன் மேல சந்தனமா மணக்கும்? எங்க ஏரியாவுல ஒரு ஆஸ்பெஸ்டாஸ் ஷெட்ல பன்னெண்டு பேரு, ஒரே ஒரு குழாய். தண்ணி காலையில ஒரு மணி நேரம். வாடகை மட்டும் தலைக்கு இவ்ளோன்னு எண்ணி வாங்கறாங்க. கருவாடு வித்த காசு நாறாதுல்ல?

உழைக்கிற ஜனங்க நாறுவாங்கன்னு தன் வர்க்கத்துப் பிள்ளைகளுக்குச் சின்ன வயசுலயே ஊட்டினாங்கன்னு ஜார்ஜ் ஆர்வெல் 1937-ல, இங்கிலாந்துச் சுரங்கத் தொழிலாளிகளைப் பத்தின புத்தகத்துல எழுதினார். 2019-ல வந்த 'பாராசைட்' படத்துல பணக்கார முதலாளி மூக்கைப் பிடிக்கிற சீனுக்கு நம்ம பசங்க எல்லாம் கொதிச்சுப் போய் ஸ்டேட்டஸ் போட்டாங்க. அதே பசங்கதான் பொன்னேரி வர்றதுக்குள்ள பெட்டி மாறி உக்காருறாங்க.

வகுப்பு நண்பர்களே, 2025 வரைக்கும் அமல்ல இருந்த தொழிற்சாலைச் சட்டம் 1948, பிரிவு 42 ஞாபகம் இருக்கா? தொழிலாளிங்க கழுவிக்க, சுத்தம் பண்ணிக்க போதுமான வசதி செஞ்சு தரணும்னு இருந்துச்சு, ஆணுக்கும் பெண்ணுக்கும் தனித்தனியா, மறைப்போட. பிரிவு 43, வேலை நேரத்துல போடாத துணியை வைக்கவும் ஈரத்துணியைக் காயப்போடவும் இடம். அஞ்சு மார்க் கேள்வி. உள்ளூர் ஆளுக்கு வீடு பக்கம், போய்க் குளிச்சுக்குவார். ஷெட்டுக்குப் போனா தண்ணி நின்னுருக்கும்னு தெரிஞ்சவன் அந்தக் குழாயை விட்டா எங்க குளிப்பான்? வாசல்ல பேன்ட் ஷர்ட்டோட நிக்கற காண்ட்ராக்டர்கிட்ட உள்ள எத்தனை குழாய் இருக்குன்னு ஒருத்தர்கூட கேக்கறதில்ல. அவர் மேல நல்ல சென்ட் வாசனை வேற.