திறப்பு எவர் கையில்?

வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் இன்று படம் எடுக்கும் தமிழ் இளைஞர்க்குப் பஞ்சமில்லை. கமராவை வாடகைக்கு எடுத்து, நண்பரை நடிகராக்கி, இரவிரவாகக் கணனியின் முன்னிருந்து வெட்டி ஒட்டி, எப்படியோ ஒரு படத்தை முடித்து விடுகிறார்கள். முடித்த பின் யாது செய்கிறார்கள்? திரையரங்கின் இயந்திரம் ஏற்கும் வடிவத்தில் அதனைக் கட்டித் தருமாறு வேறொருவர் வாசலிற் போய் நிற்கிறார்கள். கேட்ட கூலியைக் கொடுக்கிறார்கள். சொன்ன நாள்வரை காத்துக் கிடக்கிறார்கள். தங்கள் படத்தின் மூலப் பிரதியையே பிறனுடைய வன்தட்டில் விட்டுவிட்டு வீடு திரும்புகிறார்கள். வயல் நம்முடையது, விதை நம்முடையது, வியர்வை நம்முடையது, ஆலை மட்டும் அயலானுடையது என்றால் அறுவடையின் ஆதாயம் எங்கே போய்ச் சேரும் என்பதை வன்னி விவசாயிக்கும் மட்டக்களப்பு விவசாயிக்கும் நாம் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை.

ஆலை வாங்கப் பணம் வேண்டும். நெல்லாலைக்குச் சரி. படத்தைப் பொதி கட்டும் ஆலைக்கோ ஒரு சதமும் வேண்டியதில்லை! அது இலவசமாகக் கிடக்கிறது. எடுத்து உபயோகிக்க ஆள்தான் இல்லை. இதனை நாம் குற்றச்சாட்டாகவே கூறுகின்றோம்.

படச்சுருள்களைத் தகரப் பெட்டியில் அடுக்கி ரயிலேற்றிய காலம் முடிந்துவிட்டது. யப்பானின் ஃபுஜி நிறுவனம் 2013ல் சினிமாப் படச்சுருள் உற்பத்தியைக் கைவிட்டது. அமெரிக்காவின் பரமவுண்ட் நிறுவனம் 2014ல் தன் நாட்டுத் திரையரங்குகளுக்குச் சுருள் அனுப்புவதையே நிறுத்திக் கொண்டது. சுருளின் இடத்துக்கு வந்ததுதான் டிஜிட்டல் சினிமாப் பொதி. தொழிலார் அதனை டி.சி.பி. என்பர். படத்தின் ஒவ்வொரு சட்டமும் தனித்தனியே ஜேபெக் 2000 என்னும் முறையிற் சுருக்கப்பட்டு, ஒலி வேறு கோப்பாகவும் உருவம் வேறு கோப்பாகவும் வைக்கப்பட்டு, எது எதனோடு எந்த வரிசையிற் சேரும் என்ற பட்டியலும் உடன் வைக்கப்பட்ட ஒரு மூட்டை அது. வீட்டுக் கணனியில் ஓடும் சாதாரண வீடியோக் கோப்பைக் கொண்டுபோய் நீட்டினால் திரையரங்கின் சேர்வர் அதனை ஏறெடுத்தும் பாராது.

இந்த விதிகளை வகுத்தவர் எவர்? 2002ல் ஹொலிவுட்டின் பெரும் ஸ்டூடியோக்கள் கூடி ஒரு கூட்டமைப்பை நிறுவின. 2005 யூலையில் முதல் விதிநூலை வெளியிட்டன. தம் பொருளைத் திருடரிடமிருந்து காப்பதே அவர்களின் முதற் கவலை. தமிழன் படம் காட்ட வேண்டும் என்பதற்காக எவரும் அங்கே கண் விழிக்கவில்லை. ஆயினும் அந்த விதிநூல் அன்று முதல் வெளிப்படையாகவே கிடக்கிறது. கோடீசுவரன் கட்டும் பொதிக்கும் கொட்டாஞ்சேனைப் பையன் கட்டும் பொதிக்கும் விதி ஒன்றே. சரியாகக் கட்டப்பட்ட பொதியை எந்த ஊர்ச் சேர்வரும் கட்டியவன் யாரெனக் கேளாமல் ஏற்கும். இத்தகைய சமத்துவத்தை வேறெந்தத் துறையில் நமக்குத் தந்திருக்கிறார்கள்?

இந்த விதிக்கு அமையப் பொதி கட்டும் மென்பொருளுக்கு டிசிபி-ஓ-மாட்டிக் என்று பெயர். கார்ல் ஹெதரிங்டன் என்பவர் உருவாக்கி வளர்த்து வரும் இதனை எவரும் இறக்கிக்கொள்ளலாம், எத்தனை கணனியிலும் நிறுவலாம், உள்ளே என்ன எழுதியிருக்கிறதென்று திறந்தும் பார்க்கலாம். விண்டோஸ், மாக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும். நிறுவுவது பத்து நிமிட வேலை. முடித்த படத்தின் கோப்பை உள்ளே சேர்த்து, பெயரிட்டு, திரையின் வடிவைத் தெரிந்து, பொதியை ஆக்குமாறு பணித்துவிட்டால் மிகுதியைக் கணனி பார்த்துக்கொள்ளும். முழுநீளப் படமென்றால் பழைய கணனி ஓர் இரவு முழுவதும் மூச்சு வாங்கும். அதற்கும் வழி உண்டு. ஒரே வீட்டில், ஒரே மண்டபத்தில் நான்கு கணனிகளை இணைத்துவிட்டால், அருவி வெட்டுக்கு அயலவர் கைகொடுப்பது போல, அவை வேலையைப் பங்கிட்டுக்கொள்ளும்.

ஆனால் பொத்தானை அழுத்தினாற் போதும் என்று கூறி இளைஞரை ஏமாற்றுவது நம் நோக்கமன்று. அறியாதவன் சறுக்கும் இடங்கள் உள்ளன. அந்த இடங்களைத் தெரிந்து வைத்திருப்பதற்கே பிறர் நம்மிடம் கூலி வாங்குகின்றனர்.

நம் நாட்டுக் கமராக்கள் பல, தொலைக்காட்சிப் பழக்கத்தால், செக்கனுக்கு 25 சட்டங்கள் எடுக்கும்படி வைக்கப்பட்டிருக்கின்றன. சினிமாவின் தொன்றுதொட்ட வேகமோ 24. எடுத்த 25 சட்டங்களை 24 ஆக ஓட்டினால் 100 நிமிடப் படம் 104 நிமிடமும் 10 செக்கனுமாக நீளும். 25 ஐ ஏற்கும் சேர்வர்களும் உண்டு. எனினும் எங்கும் தடையின்றி ஓடுவது 24 தான். படப்பிடிப்பின் முதல் நாளிலேயே கமராவை 24ல் வைத்தவனுக்கு இந்தத் தலையிடியே இல்லை. திரையின் வடிவும் அப்படியே. விதிநூலின் சாதாரணத் திரை 1998க்கு 1080 புள்ளிகள். அகலத் திரை 2048க்கு 858. நாம் எடுப்பதோ 1920க்கு 1080. சாதாரணத் திரையில் அதனை வைத்தால் இருபுறமும் 39 புள்ளி அகலத்துக்குக் கறுப்புப் பட்டை விழும். அதனால் ஒன்றும் குடி முழுகிவிடாது. அகலத் திரையென்று தவறிக் குறித்தாலோ படம் நடுவே சுருங்கி நிற்கும். அல்லது நாயகனின் தலை போகும்.

ஒலியில் நடக்கும் அநியாயம் இன்னும் பெரிது. திரைக்கு நேர் பின்னால் நடுவிலே ஓர் ஒலிபெருக்கி இருக்கிறது. உரையாடலின் இடம் அதுவே. இடம், வலம் என்னும் இரண்டே வழிகளில் ஒலி சேர்த்த படத்தை அப்படியே கொண்டுபோய்ப் போட்டால், ஓரத்து இருக்கையில் இருப்பவனுக்குப் பேச்சு ஒரு பக்கத்துச் சுவரிலிருந்தே கேட்கும். அறைக்குள் சிறிய ஒலிபெருக்கியில் கேட்டு இனிமை என்று முடிவு கட்டியது அரங்கிலே காதைப் பிளப்பதும் உண்டு.

தமிழ் எழுத்தின் சங்கதியைச் சற்று விரித்தே கூற வேண்டும். துணையெழுத்துக்களைத் தனிக் கோப்பாகப் பொதியினுள் வைத்து, அரங்கின் கருவியே திரையில் எழுதும்படி விடலாம். ஆங்கிலத்துக்கு அது போதும். நம் எழுத்தோ கொம்பை முன்னே போட்டு அரவைப் பின்னே போட்டு ஓரொலியாக வாசிக்கும் எழுத்து. கொம்பு ஒரு பக்கம், மெய் ஒரு பக்கம், அரவு வேறொரு பக்கமாகத் தமிழைச் சிதறடிக்கக்கூடிய கருவிகளை நம்பி நம் மொழியை விடலாமா? துணையெழுத்தைப் படத்தின்மேலேயே பதித்துவிடுமாறு மென்பொருளிற் குறித்தால் எந்த அரங்கிலும் எழுத்துப் பிழைக்காது. சிங்களத் துணையெழுத்துக்கும் இதுவே பாதுகாப்பு. நம் கதையைச் சிங்கள மக்களும் பார்க்க வேண்டுமென்றால் அதனையும் நாமே பதிக்க வேண்டும்.

பொதி முடிந்த பின் அதனை ஓட்டிப் பார்க்க அதே மென்பொருளோடு ஒரு காட்சிக் கருவியும், விதிக்கு அமைந்ததா எனச் சோதிக்கும் கருவியும் வருகின்றன. இரண்டு மணிப் படம் உச்ச அளவில் 225 கிகாபைட் வரை போகும்; அரை மணிக் குறும்படம் ஒரு சாதாரண வன்தட்டில் ஒரு மூலையில் அடங்கும். அந்தத் தட்டை லினக்ஸ் முறையில் அமைத்துக் கொடுக்க வேண்டும் என்பதையும் பலர் அறியார்; விண்டோஸ் முறையில் அமைத்த தட்டைச் சில சேர்வர்கள் தொடமாட்டா.

இனித் திறப்பின் கதைக்கு வருவோம். பொதியைப் பூட்டியும் கட்டலாம், பூட்டாமலும் கட்டலாம். பூட்டினால், இன்ன அரங்கின் இன்ன சேர்வரில், இன்ன நாள் இன்ன நேரம் முதல் இன்ன நேரம் வரை என்று எழுதிய இலத்திரனியல் திறப்பு ஒன்றை அனுப்ப வேண்டும். நேரம் கடந்தால் படம் கல்லாகிவிடும். திருட்டைத் தடுக்க இது நல்ல ஏற்பாடே. ஆனால் அந்தத் திறப்பை வெட்டும் உரிமை எவர் கையில்? பொதியைப் பூட்டிக் கட்டியவர் கையில்! படம் எடுத்தவன் மூன்று ஆண்டுகளின் பின் தன் ஊர்ப் பாடசாலை மண்டபத்திற் காட்ட விரும்பினாலும் அவரிடமே போய்க் கேட்க வேண்டும். அவர் கடையை மூடிவிட்டால்? தட்டு பழுதாகிவிட்டால்? கணக்கிற் பாக்கி என்று மறுத்துவிட்டால்? டிசிபி-ஓ-மாட்டிக்கில் நம் கையாலேயே பூட்டலாம். அரங்கு தரும் சான்றிதழைக் கொண்டு நம் கையாலேயே திறப்பு வெட்டலாம். ஒன்று மட்டும் கவனம்: அந்த மென்பொருளின் அமைப்புக் கோப்புக்களையும் பிரதியெடுத்து வைக்க வேண்டும், கணனியோடு அவை போனால் திறப்பும் போயிற்று. பிறரிடம் பொதி கட்டுவித்தவர்கள் மூலத் திறப்பைத் தம் பெயருக்குத் தரும்படி இன்றே எழுத்தில் கேட்டு வாங்க வேண்டும்.

“சென்னையில் இதைச் செய்வோரும் தமிழரன்றோ? அவர்களிடம் கொடுத்தால் என்ன குறை?” என்று சில பெரியோர் கேட்கின்றனர். 1986ல் சென்னையில் ஜெயேந்திராவும் செந்தில் குமாரும் தொடங்கிய ரியல் இமேஜ் நிறுவனமே பின்னர் கியூப் என்ற பெயரால் உலக அரங்குகள்வரை சென்றது. அது தமிழர்க்குப் பெருமை, ஐயமில்லை. ஆனால் அதே தமிழ்நாட்டில், 2018 மார்ச் 1 முதல் ஏப்ரல் நடுப்பகுதி வரை, டிஜிட்டல் நிறுவனங்களின் கட்டணத்தை எதிர்த்துத் தயாரிப்பாளர்கள் புதுப்படமே வெளியிடாமல் நின்றனர் என்பதையும் நினைவிற் கொள்க. கோடிக்கணக்கிற் பணம் போடும் சென்னைத் தயாரிப்பாளருக்கே அந்த நிலை என்றால், சீட்டுப் பிடித்துப் படமெடுக்கும் கொட்டாஞ்சேனை இளைஞன் எம்மாத்திரம்? பொதியை நாமே கட்டிவிட்டால் அரங்கின் கட்டணங்கள் யாவும் ஒழிந்துவிடும் என்று நாம் சொல்லவில்லை. பேரம் பேசும்போது நம் கையிலும் ஒரு சீட்டு இருக்க வேண்டும் என்கிறோம்.

“இணையத்திற் போட்டால் உலகமே பார்க்குமே, அரங்கு எதற்கு?” என்போரும் உளர். காலி வீதியாற் போவோர் சவோயின் விளம்பரத் தட்டிகளை அண்ணாந்து பார்த்துச் செல்கின்றனர். இந்நாட்டுத் தமிழர் தம் கையால் எடுத்த படத்தின் பெயரை அங்கே ஆண்டில் எத்தனை நாள் கண்டோம்? கைப்பேசியில் ஒருவன் தனியே பார்ப்பதும், இருட்டில் ஐந்நூறு பேர் ஒரே மூச்சாய்ச் சிரிப்பதும் ஒன்றாகுமா? காணி மீளாத விவசாயியின் கதையை நம்மவர் அரங்கத் திரையில் ஒருமித்துப் பார்த்தல் வேறு. விரலால் தள்ளிவிட்டுப் போதல் வேறு.

நாம் இதனை இவ்வளவு அழுத்திக் கூறக் காரணம் உண்டு. 1962ல் ‘சமுதாயம்’ தொடங்கி, ‘தோட்டக்காரி’, ‘குத்துவிளக்கு’, ‘வாடைக்காற்று’ என்று இந்நாட்டிலே தமிழ்ப் படங்கள் எடுக்கப்பட்டன. 1977ல் ‘பொன்மணி’யை யாழ்ப்பாணத்தில் எடுத்த தர்மசேன பத்திராஜா சிங்களவர், தமிழ்ப் படத்தின்மீது அவர் காட்டிய அக்கறை நம்மிற் பலருக்கு இல்லை. இவற்றுள் எத்தனையை இன்று ஓர் அரங்கிற் போட்டுப் பார்க்க முடியும்? 1983 யூலையில் ஹெந்தளையில் குணரத்தினத்தின் விஜயா ஸ்டூடியோவுக்குத் தீ வைத்தார்கள், சுருள்கள் எரிந்தன. ஒரே இடத்தில் ஒரே பிரதி என்று வைத்திருந்த சமூகம் ஒரே நாளில் இழந்தது. இன்று ஒரு படத்தை மூன்று தட்டுக்களில் மூன்று ஊர்களில் வைக்கலாம். பூட்டாத பிரதியொன்றை யாழ்ப்பாணத்திலும், ஒன்றை மட்டக்களப்பிலும், ஒன்றைக் கடல் கடந்த உறவினரிடத்திலும் வைக்கலாம். எரிக்க வருபவன் எத்தனை ஊருக்குப் போவான்? இத்தனை எளிதான காரியத்தையும் செய்யாமல், மூலப் பிரதியைக் கூலிக்குப் பொதி கட்டியவன் மேசையில் விட்டு வருகிறோம்!

1972 முதல் இயங்கி வரும் திரைப்படக் கூட்டுத்தாபனத்திடமும் நமக்கு ஒரு கேள்வி. 1987ல் 13ஆவது அரசியலமைப்புத் திருத்தம் தமிழும் அரசகரும மொழியாகும் என்றது. அங்ஙனமாயின் படத்தைத் திரையிட ஒப்படைப்பதற்கான தொழில்நுட்ப விதிகளையும் கட்டண விபரங்களையும் தமிழிலும் முழுமையாக அச்சிட்டு, கேட்பவன் எவனுக்கும் கொடுப்பது கூட்டுத்தாபனத்தின் கடமை. வாய்மொழியால் இன்றொன்றும் நாளையொன்றுமாகச் சொல்லும் நிலைக்கு இடமிருக்கலாகாது.

அரசைக் கேட்பது ஒருபுறமிருக்க, நம் சங்கங்களைக் கேட்காமல் விடுவோமா? வெள்ளவத்தையிலே, 1942ல் தொடங்கப்பட்ட கொழும்புத் தமிழ்ச் சங்கம் இருக்கிறது. நூலகம் இருக்கிறது, மண்டபம் இருக்கிறது. கொட்டாஞ்சேனைப் பக்கத்தில் விவேகானந்த சபைக்கும் மண்டபம் இருக்கிறது. நம் விழாக்களிற் பொன்னாடைக்கும் மாலைக்கும் போகும் பணத்தில் ஒரு பங்கை ஒதுக்கினால் ஒரு நல்ல கணனியும் இரண்டு வன்தட்டுக்களும் வாங்கிவிடலாம். பொறியியலாளரும் கணனி வல்லுநரும் நம் வாசகரிடையே நிறைந்திருக்கின்றனர். மாதத்தில் ஒரு ஞாயிறு காலை இரண்டு மணித்தியாலம் தந்தாற் போதும். நாம் மேலே சொன்ன சறுக்கல்களையெல்லாம் எளிய தமிழில் இருபது பக்கக் கைநூலாக ஒருவர் எழுதட்டும். வந்து கேட்கும் இளைஞன் தோட்டத்திலிருந்து வந்தானா, தீவிலிருந்து வந்தானா என்று பாராமல் அந்தக் கணனியில் அவனே இருந்து தன் படத்தைக் கட்டட்டும். முதல் வகுப்புக்கு வேண்டியது முடிந்த குறும்படம் ஒன்றுதான். அது நம் இளைஞரிடம் எத்தனையோ கிடக்கிறது. மண்டபத்தின் கதவை எந்த ஞாயிற்றுக்கிழமை திறப்பார்கள் என்பதைச் சங்கத்தாரும் சபையாரும் பகிரங்கமாக அறிவிக்கட்டும். அந்த நாளை இப்பத்திரிகையின் முதற் பக்கத்தில் வெளியிடக் காத்திருக்கிறோம்.