விரல் எலுமிச்சையின் விலை
ஆஸ்திரேலிய மழைக்காட்டு முட்புதர் ஒன்றின் பழத்தை 'எலுமிச்சை கேவியர்' என்று உணவகங்கள் கொண்டாடுகின்றன. விரல் நீளப் பழத்தைக் கீறினால் உள்சதை மணிமணியாக உதிர்ந்து, வாயில் வெடித்து மணக்கும். பெயர் என்னவோ கொஞ்சம் அலட்டல்தான்; இதன் பெருமதிப்பு தட்டில் இல்லை. உலகெங்கும் ஆரஞ்சுத் தோட்டங்களைச் சாய்க்கும் சிட்ரஸ் கிரீனிங் நோயை இச்செடி தாங்கி நிற்கிறது. கலிபோர்னிய ஆய்வாளர்கள் அந்நோய்க்கு எதிரான புரதத் துணுக்கை இதிலிருந்தே கண்டெடுத்தனர். தோட்டங்களில் பயிராகும்போது காடு எதற்கு என்று கேட்கலாம். அங்கே நிற்பவை பெரும்பாலும் ஒட்டுக்கட்டிய சில ரகங்களின் நகல்கள். அடுத்த நோய்க்கு விடை காட்டுச் செடிகளின் வேறுபாட்டில்தான் கிடைக்கும். இச்செடி இயற்கையாக வளரும் நியூ சவுத் வேல்ஸின் 'பிக் ஸ்க்ரப்' காடோ 75,000 ஹெக்டேரிலிருந்து சுமார் 1 சதவீதமாகச் சுருங்கிவிட்டது. எஞ்சிய துண்டுகளைக் காக்கும் செலவில் ஒரு பங்கை கேவியர் விலையிலேயே வசூலிக்கலாம்.