பலகையில் மட்டும் ஒரு தடை

திருவண்ணாமலையில் அண்ணாமலையார் மலை மீது ஏறத் தடை. வனத்துறையின் பலகை அப்படிச் சொல்கிறது. அந்தப் பலகையைத் தாண்டித்தான் ஆட்கள் ஏறுகிறார்கள். பகலில் ஏறுகிறார்கள். இரவிலும் ஏறுகிறார்கள். பணம் வாங்கிக்கொண்டு அழைத்துப் போக ஆள் இருக்கிறது. தடுத்து நிறுத்த ஆள் இல்லை.

2,668 அடி உயர மலை. அதைச் சுற்றி 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதை. அந்தப் பாதையில் மலைக்கு மேற்கே இருக்கிறது அடி அண்ணாமலை கிராமம். அங்கே இருட்டிய பிறகு சரிவில் டார்ச் வெளிச்சம் ஏறினால் டீக்கடை வாசலில் நிற்பவர் கண்ணில் படும். வனத்துறைக்கும் தெரிந்தாக வேண்டும். தெரியவில்லை என்றால் அது கடமை தவறியது. தெரிந்தும் விட்டிருந்தால் அது குற்றம்.

இந்த மலையின் ஆபத்தை யாரும் புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. 2024 டிசம்பர் 1-ஆம் தேதி, ஃபெஞ்சல் புயல் மழையில், மலையடிவாரத்து வ.உ.சி. நகரில் மண்ணும் பாறையும் சரிந்து வீட்டை மூடின. ஏழு பேர் இறந்தனர். அவர்களில் ஐந்து பேர் குழந்தைகள்.

அடுத்த இரண்டு வாரத்துக்குள் கார்த்திகை தீபம். வல்லுநர்கள் மலையை ஆய்வு செய்தார்கள். பக்தர்கள் ஏறக் கூடாது என்று அரசு முடிவெடுத்தது. தீபக் கொப்பரையும் நெய்யும் கொண்டு செல்வோர் மட்டும் ஏறினார்கள். லட்சக்கணக்கானோர் திரண்ட நாளில் அந்த முடிவை அரசு நிறைவேற்றியும் காட்டியது. தீபத்தன்று முடிந்த காவல் மற்ற நாட்களில் ஏன் முடியவில்லை? சரிந்த மலை மறுநாளே உறுதியாகிவிடாது. பாறை நாள் பார்த்து உருளாது.

2025 மார்ச்சில் பிரான்ஸ் நாட்டுப் பெண் ஒருவர், தம்மை மலைக்கு அழைத்துச் சென்ற வழிகாட்டி மீது பாலியல் வன்முறைப் புகார் கொடுத்தார். அந்த வழிகாட்டி கைது செய்யப்பட்டார். கைதோடு கோப்பை மூடிவிடக் கூடாது. யார் யாரை அழைத்துக்கொண்டு இந்த மலையில் ஏறுகிறார்கள் என்ற பதிவு எந்த அலுவலகத்தில் இருக்கிறது? மாவட்ட நிர்வாகம் பதில் சொல்ல வேண்டும்.

தேனி மாவட்டத்துக் குரங்கணியை மறந்துவிட்டார்களா? 2018 மார்ச் 11-ஆம் தேதி அங்கே காட்டுத்தீயில் சிக்கியவர்களில் 23 பேர் உயிரிழந்தனர். அதன் பிறகுதான் மலையேற்றத்துக்குத் தமிழ்நாட்டில் தனி விதிகளே வந்தன. அனுமதி கட்டாயம். பயிற்சி பெற்ற வழிகாட்டி கட்டாயம். அண்ணாமலையும் கோடை வந்தால் எரிகிற மலைதான். காய்ந்த புல்லுக்கு ஒரு பீடித் துண்டு போதும். முப்பது ஆண்டுகளுக்கும் மேலாகத் தன்னார்வலர்கள் நட்டு, தண்ணீர் ஊற்றி, தீத்தடுப்புக் கோடு வெட்டிக் காத்த மரங்கள் இந்தச் சரிவுகளில் நிற்கின்றன. அத்தனை பேர் உழைப்பையும் ஒரே இரவில் சாம்பலாக்க யாருக்கும் உரிமை இல்லை.

மலையில் நடக்க ஆசைப்படுவது தவறல்ல. அந்த ஆசைக்கு ஒழுங்கான வழி காட்டாததுதான் தவறு. ரமண மகரிஷி 1899 முதல் 1922 வரை வாழ்ந்த விருபாட்சி குகைக்கும் கந்தாசிரமத்துக்கும் இன்றும் பகலில் மக்கள் நடந்து போய்த் திரும்புகிறார்கள். பாதை இருக்கிறது. நேரம் இருக்கிறது. கட்டுப்பாடு இருக்கிறது. 2024 அக்டோபரில் தமிழ்நாடு அரசு 40 மலையேற்றப் பாதைகளை இணைய முன்பதிவோடும் உள்ளூர் வழிகாட்டிகளோடும் திறந்தது. ஒழுங்குபடுத்தத் தெரியாத அரசு அல்ல இது. இங்கே மட்டும் செய்யவில்லை.

இனி செய்ய வேண்டும். நிலச்சரிவை ஆராய்ந்த வல்லுநர்களின் அறிக்கையை முழுமையாக மக்கள் முன் வைக்க வேண்டும். எந்தச் சரிவில் நடக்கலாம், எதில் கூடவே கூடாது என்பதை அதன்படி வரையறுக்க வேண்டும். நடக்கலாம் என்ற இடத்தில் பகல் நடைக்குப் பதிவும் வழிகாட்டியும் வேண்டும். கூடாது என்ற இடத்தில் இரவும் பகலும் காவல் வேண்டும்.

பணம் வாங்கி ஆள் ஏற்றுவோர் மீது வழக்குப் பதியுங்கள். ஏறியவரை எச்சரித்து அனுப்பிவிட்டு, ஏற்றியவரை விட்டுவிடும் வழக்கம் நிற்கட்டும். அடி அண்ணாமலைப் பக்கம் உட்பட ஒவ்வொரு ஏறுவழிக்கும் எந்த அலுவலர் பொறுப்பு என்பதை மாவட்ட வன அலுவலர் எழுத்தில் அறிவிக்க வேண்டும். அடுத்த கோடைத் தீக்கு முன் அறிவிக்க வேண்டும்.