தண்டவாளம் திரும்பியது, சரக்கு திரும்பவில்லை

பொள்ளாச்சிப் பக்கம் தென்னந்தோப்பு வைத்திருப்பவரா நீங்கள்? உங்கள் இளநீர் கடைசியாக எப்போது ரயிலேறியது என்று கேட்டால் சிரிப்பீர்கள். ஊருக்குள் ஒரு ஜங்ஷனை வைத்துக்கொண்டு சிரிக்கிறோம் என்பதுதான் விஷயம்.

போத்தனூர் வழியாகச் சென்னை - மலபார் ரயில் 1862-லேயே ஓடியது. அங்கிருந்து பொள்ளாச்சிக்கு மீட்டர் கேஜ் பாதை 1915-ல் வந்தது. 1928-ல் திண்டுக்கல் பாதையும், 1932-ல் பாலக்காடு பாதையும் சேர்ந்துகொள்ள, மூன்று திசையும் கூடும் ஊரானது பொள்ளாச்சி. அந்தப் பாதையிலும் ஒரு குறை இருந்தது. அகலப் பாதை ஊர்களுக்குப் போகும் மூட்டையை வழியில் இறக்கி, வேறு வேகனில் ஏற்ற வேண்டும். கூலி இரட்டிப்பு, சேதமும் உண்டு.

பரம்பிக்குளம் - ஆழியாறு தண்ணீர் வந்த பிறகு நிலம் மாறியது. கடலையும் பருத்தியும் விளைந்த காடுகள் தோப்பாயின. தேங்காயைத் தேடி லாரி தோப்பு வாசலுக்கே வந்தது. ரயில் நிலையமோ இருந்த இடத்திலேயே இருந்தது.

அகலப் பாதையாக்க 2008, 2009-ல் ரயில்களை நிறுத்தினார்கள். பழநி, பாலக்காடு பாதைகள் 2015-லும், போத்தனூர் பாதை 2017-லும்தான் திரும்பின. ஒரு தென்னங்கன்று நட்டுக் காய்ப்புக்கு வரும் காலம் அது! அதற்குள் மிச்சமிருந்த பழக்கமும் போய்விட்டது.

பாதை திரும்பியதும் மக்கள் என்ன கேட்டார்கள்? ராமேஸ்வரம் ரயில், சென்னை ரயில், கோவைக்குக் கூடுதல் ரயில். நியாயமான கோரிக்கைகள். தேங்காய்க்காகக் கேட்ட குரல் குறைவு. காரணம், இளநீரை நீங்கள் தோட்ட விலைக்கு விற்றுவிடுகிறீர்கள். லாரி வாடகையை வியாபாரி கொடுக்கிறார், நமக்கென்ன என்று தோன்றும். ஆனால் டெல்லிக்கும் மும்பைக்கும் ஆகும் வாடகையைக் கணக்குப் போட்டுத்தான் அவர் தோப்பில் விலை சொல்கிறார். டீசல் ஏறினால் அதில் ஒரு பங்கு உங்கள் காயில்தான் கழியும்.

ஆஸ்திரேலியாவின் மேற்கு மாநிலத்தில் கோதுமை ஏற்றிவந்த சில கிளைப் பாதைகளை 2014-ல் மூடினார்கள். தானியம் லாரிக்கு மாறியது. அங்கே பாதையே போனது. இங்கே புதுப் பாதை இருக்கிறது, சரக்குதான் இல்லை.

சரி, ரயிலில் முடியுமா? முழுச் சரக்கு ரயிலுக்கு இரண்டாயிரம் டன்னுக்கு மேல் வேண்டும், அதை மறந்துவிடுங்கள். பயணிகள் ரயிலோடு இணைக்கும் பார்சல் வேன் ஒன்று 23 டன் தாங்கும். இளநீர் ஒன்றுக்கு இரண்டு கிலோ என்று வைத்தால், எடைக் கணக்கில் 11,500 காய். உழவர் உற்பத்தியாளர் நிறுவனம் ஒன்று முயன்றால் சேர்க்கக்கூடிய அளவுதான்.

தடை வேறு இடத்தில் இருக்கிறது. நான்கைந்து நிமிடம் நிற்கும் ரயிலில் 23 டன் ஏற்ற முடியாது. வேனைத் தனியாக நிறுத்தி நிரப்பிய பிறகே ரயிலில் கோக்க வேண்டும். டெல்லிக்குப் பொள்ளாச்சியிலிருந்து நேரடி ரயிலும் இல்லை. போத்தனூரோ கோவையோ போய்த்தான் ஏற்ற வேண்டும். அந்த 40 கிலோமீட்டருக்கு லாரி வைத்தால் இரட்டைக் கூலி என்ற பழைய கதை மறுபடி தொடங்கும். இளநீரும் அதிக நாள் தாங்காது. ஒருநாள் வேன் கிடைக்காவிட்டால் நட்டம் உங்களுக்குத்தான். எனவே இளநீரைவிட மட்டை உரித்த தேங்காயிலும் கொப்பரையிலும் தொடங்குவதே புத்திசாலித்தனம் என்பது என் கருத்து. ஓரிரு நாள் தாமதம் அவற்றைக் கெடுக்காது.

அடுத்த முறை ரயில்வேக்கு மனு எழுதும்போது, பயணிகள் ரயிலோடு இதையும் ஒரு வரி சேருங்கள்: பொள்ளாச்சியில் பார்சல் வேனை நிறுத்தி நிரப்ப ஓர் இடம், வாரத்தில் குறித்த நாளில் அதை வடக்கே போகும் ரயிலோடு சேர்க்க ஏற்பாடு. கூடவே எந்த ஊருக்கு, எந்த மாதத்தில், எத்தனை டன் என்ற கணக்கையும் இணைத்துக் கொடுங்கள். அந்தக் கணக்கு இன்று வியாபாரியின் நோட்டில் இருக்கிறது. உங்கள் நிறுவனத்தின் நோட்டில் இருக்கிறதா?