கல்யாணம் ஆனால் நர்சு வேலை போச்சா? உப்பிலியபுரம் பெண்கள் தவிப்பு

உப்பிலியபுரம்:-

நர்சிங் முடித்ததும் கல்யாணம், புருஷன் ஊரில் குடித்தனம். இல்லாவிட்டால் படுக்கையில் கிடக்கும் அப்பாவைப் பார்க்க சொந்த ஊர். பச்சைமலை அடிவாரத்துப் பெண்கள் பலருக்கு இதுதான் நிலைமை.

இங்கே ஆரம்ப சுகாதார நிலையம், துறையூர் அரசு ஆஸ்பத்திரியை விட்டால் தனியார்தான். 'இவள் வெளியூர் போக முடியாது' என்று தெரிந்தாலே சம்பளத்தில் கை வைத்து விடுகிறார்கள்.

அரசு வேலையும் லேசில்லை. 2015 தேர்வில் ஜெயித்தவர்கள் ரூ.7,700 தொகுப்பூதியத்தில் சேர்ந்து, 2017-ல் சென்னையில் போராட வேண்டி வந்தது.

சின்ன தனியார் ஆஸ்பத்திரியிலும் மாதம் ரூ.20 ஆயிரம் தர வேண்டும் என்று, சுப்ரீம் கோர்ட்டு உத்தரவால் அமைந்த மத்திய கமிட்டி 2016-ல் சொன்னது. கேரளா 2018-ல் அதையே குறைந்தபட்ச சம்பளமாக அறிவித்தது. அந்தக் கணக்கைச் சொல்லியே இங்கும் சம்பளம் பேசலாம்.

வெளிமாநிலம் போனால் அங்குள்ள நர்சிங் கவுன்சிலில் பதியணும். இங்கே தடையில்லா சான்று வாங்காமல் பெட்டி கட்டாதீங்க!