நூற்றில் ஏழு போனால்?



அப்பாவைப் பெற்ற எங்கள் பாட்டிக்குக் கைநாட்டுதான். ஆனால் பால் கணக்கும் சீட்டுப் பணமும் அவருக்கு மனப்பாடம். கடைசி மூன்று வருடங்களில் அந்தக் கணக்கெல்லாம் ஒவ்வொன்றாக அவரை விட்டுப் போனது. உலையில் அரிசி கொதித்துக்கொண்டிருக்கும். மறுபடியும் அரிசி களைய உட்கார்ந்துவிடுவார். "வயசாயிடுச்சு, அப்படித்தான்" என்றோம். ஒருநாள் மருத்துவமனையில் பேனாவைக் கொடுத்து, ஒரு வாக்கியம் எழுதுங்கள் என்றார்கள். பாட்டி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, மூடியைச் சரியாகப் போட்டு, அம்மாவிடம் நீட்டினார்.

மறதியைக் கண்டறிய 1975-இல் அமெரிக்காவில் உருவான சோதனை அது. நூற்றிலிருந்து ஏழேழாகக் கழித்துச் சொல்ல வேண்டும், இரண்டு ஐங்கோணங்களைப் பார்த்து வரைய வேண்டும். பள்ளிக்கூடம் பார்க்காதவருக்கு மறதியே இல்லாவிட்டாலும் மதிப்பெண் குறையும்.

இந்த அநியாயத்தைச் சரிசெய்யப் பாடுபட்டவர்களை நன்றியோடு நினைத்துக்கொள்கிறேன். டிமென்ஷியா என்னும் மறதிநோய் கண்டவர்களில் 66 சதவீதம் பேர் வளரும் நாடுகளில் இருந்தார்கள். ஆய்வுகளில் பத்து சதவீதம்கூட அங்கே நடக்கவில்லை. இந்த இரண்டு எண்களையே பெயராக வைத்துக்கொண்டு, 1998-இல் கொச்சியில் '10/66' என்ற ஆய்வுக் குழு பிறந்தது. லண்டனின் மார்ட்டின் பிரின்ஸ், வேலூர் சி.எம்.சி.யின் கே.எஸ். ஜேக்கப் போன்ற மருத்துவர்கள் அதில் சேர்ந்து உழைத்தார்கள். மறதிநோயைக் கண்டறிய, 25 மையங்களில் சரிபார்த்த முறையை 2003-இல் வெளியிட்டார்கள்.

அவர்கள் கேட்ட கேள்விகளைப் பாருங்கள். சுத்தியலை வைத்து என்ன செய்வோம்? பாலம் என்றால் என்ன? முழங்கையைக் காட்டி, இது என்ன? பத்துச் சொற்களைச் சொல்கிறேன், நினைவில் வைத்துத் திருப்பிச் சொல்லுங்கள். எழுத்து தெரியாத கிழவியும் தலைநிமிர்ந்து பதில் சொல்லலாம்.

எனக்கு இதைவிடப் பெரிதாகப் படுவது இன்னொன்று. கூட இருந்து பார்த்துக்கொள்பவரிடமும் உட்கார்ந்து கேட்டார்கள். வைத்த பொருளை மறக்கிறாரா, தானாகச் சாப்பிடுகிறாரா, சேலையைச் சரியாகக் கட்டிக்கொள்கிறாரா என்று. மகளோ மருமகளோ சொல்லும் பதிலையும் சோதனையின் ஒரு பகுதியாகவே எடுத்துக்கொண்டார்கள். வீட்டுக்குள் அதுவரை புலம்பல் என்று ஒதுக்கப்பட்ட பேச்சு அது.

சென்னைத் தெருக்களிலும் வேலூர்ப் பக்கத்துக் கிராமங்களிலும் இந்தக் கேள்விகளோடு களப்பணியாளர்கள் வீடு வீடாகப் போனார்கள். ஒரு வீட்டிலேயே மணிக்கணக்காகும். ஆய்வுக் கட்டுரையின் தலைப்புக்குக் கீழே அவர்கள் பெயர் வராது. காது மந்தமான பெரியவரிடம் ஒரே கேள்வியை முகம் சுளிக்காமல் மூன்றாம் முறையும் கேட்பது லேசான வேலையா என்ன?

அப்படி ஒருவர் எங்கள் வீட்டுப் படியேறி, "நீங்க சொல்லுங்கம்மா" என்று கேட்டிருந்தால், சொல்ல அம்மாவிடம் மூன்று வருடக் கதை இருந்தது.