மண்டபம் சரி, இருக்க இடம் எங்கே?

யாழ். பொது நூலகத்துக்குப் பக்கத்தில் இந்திய உதவியில் எழுந்த 11 மாடிக் கலாசார மையம் 2023 பெப்ரவரியில் கையளிக்கப்பட்டது. 2025 ஜனவரியில் அதன் பெயரை மாற்றியபோது நாம் போட்ட சத்தத்தில் பாதியையாவது, அங்கே யார் யார் வந்து இருக்கலாம் என்பதற்குப் போட்டிருக்கலாம். 600 பேர் கொள்ளும் அரங்கு நல்லதுதான். ஆனால் அரங்கில் எல்லாரும் மேடையைத்தான் பார்ப்பார்கள். பக்கத்துக் கதிரைக்காரர் யாரென்று அறியாமலே வீட்டுக்கு வரலாம்.

பருத்தித்துறைத் தெருமூடி மடத்தைப் பாருங்கள். வீதி நடுவால் போகிறது. இருபுறமும் உயர்ந்த கல் திண்ணை, மேலே கூரை. வெயிலுக்கு ஒதுங்குபவர் எதிர்த் திண்ணைக்காரரின் முகம் பார்க்காமல் இருக்க ஏலாது. (எல்லாச் சாதியாரும் அங்கு சரிசமமாக இருந்தார்கள் என்று சொல்ல வரவில்லை, 1968 இல் மாவிட்டபுரம் கோயில் வாசலில் சாதியின் பேரால் ஆட்களைத் தடுத்தது தெரிந்ததே.)

எங்கள் நீர்வேலிப் பக்கத்தில் சனசமூக நிலையத்தில் பேப்பர் பார்ப்பவர்கள் பெரும்பாலும் அந்தந்தக் குறிச்சி ஆண்கள்தான். இளந்தாரிகளுக்கு மதவடி. பெண்களுக்கு? கோயில் வீதியை விட்டால் ஒன்றுமில்லை.

நகரிலோ, 1990 ஒக்டோபரில் வெளியேற்றப்பட்டுத் திரும்பிய முஸ்லிம்கள், பல்கலைக்கழகத்துக்கு வரும் சிங்கள மாணவர்கள், மலையகத்தார் என்று பலர் இருக்கிறார்கள். இவர்கள் எல்லாரும் வந்து இருக்க, அந்த மையத்தை ஒட்டிய புல்லுக்குளக் கரையில் நிழல் மரம், குடிதண்ணீர், பெண்கள் நம்பிப் போகக்கூடிய மலசலகூடம், மும்மொழிப் பலகை வேண்டும். வாங்குகளை வரிசையாக அடுக்காமல் எதிரெதிராகப் போடும்படி மாநகர சபை வரைபடத்திலேயே கீறிக் கொடுக்கட்டும்.

வாசகர் ஒருவர்,
நீர்வேலி.